மொத்தம் தீஸ்கோ

எங்கள் வீட்டுக்கு வடக்கே 600 சதுர அடி காலி இடம் இருந்தது. இப்போது அங்கே இருப்பதை என்ன பெயர் சொல்லி அழைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அதை "உங்க லான்" என்கிறாள். 'உங்க' என்ற சொல்லில் ஒரு மனுஷி எவ்வளவு அழுத்தம் வைக்கமுடியுமோ அவ்வளவும் வைத்துச் சொல்கிறாள்.

நான் கும்பகோணத்துப் பக்கத்து ஆள். மனைவிக்குத் திருத்தணிதான் சொந்த ஊர். ஓய்வுபெற்றதும் அவள் ஊரிலேயே வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மொட்டை மாடியில் நின்றால் மலையும் கோபுரமும் தெரியும். வருஷத்துக்கு ஒரு படி கணக்கில்லை, நாளுக்கு ஒரு படி கணக்கு, 365 படி. அதெல்லாம் பெரும் பாக்கியம்தான். ஆனால் கோடை வந்துவிட்டால் இந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. தொலைக்காட்சியில் 'சதம் அடித்த ஊர்கள்' என்று வாசிப்பார்களே, அதில் வேலூர், கரூர் பரமத்தி என்ற வரிசையில் திருத்தணி தவறாமல் நிற்கும். முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர் வந்ததாம். சினம் தணிந்தது, சரி. சூட்டைப் பற்றி யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

நாற்றங்கால் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்தப் பாறையும் செம்மண்ணும் பழகவே இல்லை. வீட்டு வாசலில் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. இப்படித்தான் ஆரம்பித்தது. தப்பான காரியங்கள் எல்லாம் நியாயமான ஓர் ஏக்கத்தில்தான் ஆரம்பிக்கின்றன என்று எழுத ஆசைதான். எழுதினால் மனைவி படித்துவிட்டு, "ஏக்கமா? சம்பந்தி வீட்ல மெச்சிக்கணும்னு ஆரம்பிச்சீங்க" என்பாள். அதுவும் உண்மைதான். ஆடிக் கிருத்திகைக்குப் பெண்ணின் மாமனார் வீட்டார் காவடி எடுத்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சென்னை அடுக்குமாடிக்காரர்கள். புல்தரையில் நாற்காலி போட்டு அவர்களுக்குக் காப்பி கொடுக்கவேண்டும் என்பது என் கனவு.

முதலில் சென்னையிலிருந்து ஒரு லேண்ட்ஸ்கேப் நிறுவனத்தை வரவழைத்தேன். இரண்டு இளைஞர்கள் டேப் பிடித்து அளந்தார்கள். மடிக்கணினியில் என் வீட்டையே வரைந்து, அதன் முன்னால் ஒரு புல்வெளியை விரித்து, புல்வெளியில் ஒரு வெள்ளை நாயையும் ஓடவிட்டுக் காட்டினார்கள். சதுர அடிக்கு 120 ரூபாய், ஆக 72,000. காப்பி கொடுத்தேன், யோசித்துச் சொல்கிறேன் என்றேன், அவர்கள் தலை மறைந்ததும் யோசிப்பதை நிறுத்தினேன். படத்தை மட்டும் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொண்டேன். திருட்டு என்று அப்போது தோன்றவில்லை. சிக்கனம் என்று தோன்றியது.

அதன் பிறகுதான் பெரியவர் வந்தார். பூக்கடைக்காரம்மா சொல்லி அனுப்பிய ஆள். நகரிப் பக்கத்துக் கிராமம், ஆந்திரம். பஸ்ஸில் வந்து இறங்கினார். சிமெண்டு சாக்கில் சுருட்டிய களைக்கொத்து, கத்தி, ஒரு சிறிய கடப்பாரை. 30 வருஷம் நர்சரிகளில் வேலை செய்தவராம். நான் கைப்பேசியை நீட்டினேன். படத்தை வெகுநேரம் பார்த்தார். "நாயும் ஓணுமா சார்?" என்றார்.

இங்கே மொழி நிலவரத்தைச் சொல்லியாக வேண்டும். 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ம.பொ.சி.யும் மற்றவர்களும் வடக்கெல்லைக்காகப் போராடி, மத்தியஸ்தராகப் படாஸ்கர் வந்து பார்த்து, நாடாளுமன்றத்தில் சட்டமாகி, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. (தேதியைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம். அந்தத் தேதிக்குப் பொருத்தமான ஆள் நான் இருக்கிறேன்.) கோட்டைத் தள்ளிப் போட்டார்களே தவிர நாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் ஒரே வாக்கியத்தில் தமிழில் ஏறித் தெலுங்கில் இறங்குவார்கள். என் மனைவி அப்படிப்பட்டவள். எனக்குத் தெரிந்த தெலுங்கு சினிமாவில் கற்றது. வில்லனை அடிப்பதற்குப் போதும், புல் வைப்பதற்குப் போதாது. ஆனாலும் பெரியவரோடு பேச்சுவார்த்தை முழுவதையும் நானே நடத்துவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். கணக்கு வழக்கு ஆண்கள் பார்க்கிற விஷயம் என்றும் சொன்னதாக அவள் சொல்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை.

பெரியவர் மூன்று இடத்தில் கடப்பாரையால் குத்தினார். மூன்று இடத்திலும் 'டங்' என்றது. வீடு கட்டியபோது மேஸ்திரி மிச்சமான செங்கல் துண்டு, காரை, கலவை எல்லாவற்றையும் அங்கேதான் போட்டு மண் மூடிவிட்டுப் போயிருந்தார். பெரியவர் ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, "கட்டி ஒத்து சார்" என்றார்.

கட்டிக்கு ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். "யாருக்குக் கட்டி?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தமிழில் இறங்கி வந்தார்: "புல்லு வாணாம் சார். கத்திரி வெயிலு. ஆடி வரட்டும். கீழ இருக்கற கல்லெல்லாம் எடுக்கணும். அப்பால பாக்கலாம்."

கட்டி என்றால் தெலுங்கில் புல்லாம். ஒத்து என்றால் வேண்டாமாம். ஆடிப் பட்டம் தேடி விதை என்று பள்ளிக்கூடத்தில் படித்த நான், அதையே ஒரு மனிதர் எதிரில் நின்று சொன்னபோது, விலையை ஏற்றுவதற்கான தந்திரம் என்று எடுத்துக்கொண்டேன். ஆடியில் நட்டால் ஆடிக் கிருத்திகைக்கு எப்படிக் காப்பி கொடுப்பது?

கூலி மட்டும் 18,000 கேட்டார். புல், மண், எரு எல்லாம் என் பொறுப்பு. கல் பொறுக்கி, ஒரு சாண் ஆழம் கொத்தி, எரு கலந்து, வீட்டுச் சுவரிலிருந்து தண்ணீர் விலகி ஓடும்படி வாட்டம் பார்த்து மட்டம் போடுவது அவர் வேலை. நான் 12,000 என்றேன். அவர் மலையைப் பார்த்தார். நான் 13 என்றேன். கடைசியில் 14,000-த்தில் முடிந்தது. முடிந்தபோது அவர் கடப்பாரையில் விரித்து வைத்திருந்த சாணை மெதுவாக மடக்கி, நான்கு விரலாக்கிக் காட்டினார். எத்தனை நாள் வேலை என்று எண்ணிக் காட்டுகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். அன்று நான் மிச்சம் பிடித்த 4,000 ரூபாய் மண்ணுக்கடியில் ஐந்து அங்குலமாகப் போனது எனக்கு ஜூன் மாதம்தான் புரிந்தது.

முதல் இரண்டு நாள் களை எடுத்தார். முழுக்க அருகம்புல். கிழங்கு மாதிரி வேரோடிக் கிடந்தது. சாக்குச் சாக்காக அள்ளி வெளியே கொட்டினார். மூன்றாம் நாள் நர்சரியிலிருந்து மினி லாரியில் புல் வந்து இறங்கியது. பாய் மாதிரி சுருட்டியிருந்தது. கொரியப் புல் விலை அதிகம், மெக்சிகோப் புல்லுக்குத் தண்ணீர் அதிகம், வெயில் தாங்க பெர்முடாதான் சரி என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். சதுர அடி 15 ரூபாய். பெர்முடா! அட்லாண்டிக் சமுத்திரத்தில் இருக்கும் தீவு. சம்பந்தியிடம் சொல்லும்போது எப்படி இருக்கும்?

பெரியவர் ஒரு சுருளைப் பிரித்தார். ஒரு கணுவைக் கிள்ளி முகர்ந்தார். "கரிக்க கட்டி சார் இது" என்றார்.

கரிக்கட்டி ஆகிவிடும் என்று சாபம் விடுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. "ஆகாது, தண்ணி விடுவேன்" என்றேன் விறைப்பாக. அவர் வாசலுக்கு வெளியே கொட்டிக் கிடந்த சாக்கைக் காட்டினார், பிறகு கையிலிருந்த சுருளைக் காட்டினார், பிறகு விட்டுவிட்டார். பிறகு ஒரு நாள் மனைவி பிள்ளையார் பூஜைக்கு அருகம்புல் வேண்டும் என்று நேராக என் பெர்முடாவில் போய்க் கிள்ளியபோதுதான் விஷயம் உடைந்தது. கரிக்க கட்டி என்றால் தெலுங்கில் அருகம்புல். தாவரவியல்காரர்கள் சைனடான் டாக்டிலான் என்பார்கள், வெள்ளைக்காரர்கள் பெர்முடா என்பார்கள், நாம் அருகு என்போம். எல்லாம் ஒரே புல். பெர்முடா அதற்குப் பிறந்த ஊரும் அல்ல, நம்முடைய பழைய உலகத்துப் புல்தான் எங்கெங்கோ சுற்றிவிட்டு அந்தப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. ஆக, அருகம்புல்லைப் பிடுங்க இரண்டு நாள் கூலி கொடுத்தேன். அதே அருகம்புல்லை வைக்க 9,000 ரூபாய் கொடுத்தேன்.

இத்தனைக்கும் நடுவே, புல் வருவதற்கு முந்தின நாள், கறிவேப்பிலைச் சம்பவம் நடந்தது. இதை எழுதாமல் தாண்டிப் போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஈசானிய மூலையில் ஒரு கறிவேப்பிலை மரம். மாமியார் வீட்டுக் கொல்லையிலிருந்து கன்றாக வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் எட்டும். அதன் பக்கத்தில் ஓர் எருக்கஞ்செடி. அன்று மனைவி ஊரில் இல்லை. அவள் அக்காவுக்குக் கை பிசகி, புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போயிருந்தாள். நான் கைப்பேசியில் நர்சரிக்காரரோடு பேசிக்கொண்டே ஜன்னல் வழியாக எருக்கைக் காட்டி, என் தெலுங்கின் மேல் எனக்கிருந்த முழு நம்பிக்கையோடு, "ஆ செட்டு தீஸேய்" என்றேன். அந்தச் செடியை எடுத்துவிடு என்று அர்த்தம். அதாவது, நான் நினைத்துக்கொண்ட அர்த்தம்.

பெரியவர் கொஞ்சம் தயங்கினார். "கரிவேபாகு செட்டா சார்?" என்றார்.

கறிவேப்பிலை! பாவம், வீட்டுக்குக் கொஞ்சம் கொண்டுபோகக் கேட்கிறார் என்று என் மனம் இளகிவிட்டது. 4,000 ரூபாய் குறைத்த குற்ற உணர்ச்சியும் உள்ளே இருந்திருக்கும். கையை அகல வீசி, "தீஸ்கோ, தீஸ்கோ" என்றேன். எடுத்துக்கொள்.

"மொத்தமா சார்?"

"மொத்தம் தீஸ்கோ!"

வள்ளல்கள் அந்த நேரத்தில் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பேச்சு முடிந்து வெளியே வந்தபோது எருக்கு அப்படியே இருந்தது. மரம் தரையோடு கிடந்தது. பெரியவர் இலையை மட்டும் தனியே உருவி, துண்டில் கட்டி, பத்திரமாக என் கையில் கொடுத்தார்.

செட்டு என்றால் முதலில் மரம். சின்னச் செடியைக் குறிப்பாகச் சொல்ல மொக்க என்று வேறு சொல் இருக்கிறது. இந்த ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த வித்தியாசம். மாலை பஸ்ஸில் திரும்பிய மனைவி, ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் முதல் மளிகைக் கணக்கில் 'கறிவேப்பிலை – 10' என்று ஒரு வரி சேர்ந்தது. காய்கறிக்காரர் கொசுறாகப் போடுகிற பொருளுக்குக் காசு கொடுத்து வாங்கி, அதைக் கணக்கிலும் எழுதி, அந்தக் கணக்கை என் நாற்காலிக்கு எதிரே தினசரி காலண்டரின் பின்புறம் தொங்கவிட்டாள்.

இந்த அமளியில் பெரியவர் நான்கு நாள் வரவில்லை. போன் செய்தால், "ரேப்பு ஒஸ்தா சார்." ரேப்பு என்றால் நாளை. அடுத்த நாளும் ரேப்பு. ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் ஒரு காலத்தில் வீட்டுக் கதவில் 'ஓ ஸ்த்ரீ, ரேப்பு ரா', 'நாளே பா' என்று எழுதி வைப்பார்கள். கதவைத் தட்டும் மோகினிப் பேய் அதைப் படித்துவிட்டு, சரி நாளைக்கு வரலாம் என்று திரும்பிப் போகுமாம். மறுநாளும் அதே எழுத்து, அதே ஏமாற்றம். நான் அந்தப் பேயின் நிலையில் இருந்தேன். உள்ளூர் ஆட்களே இப்படித்தான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அவர் தலையாட்டிவிட்டு, "அட்வான்ஸ் மிச்சம் குடுத்தீங்களா?" என்று கேட்டார். பாதி வேலை முடிந்ததும் 5,000 தருவதாகப் பேச்சு. பாதி வேலை முடிந்திருந்தது. கேட்டபோதெல்லாம் "நாளைக்குத் தரேன் பெரியவரே" என்று நான் தமிழில் சொன்னதைத்தான் அவர் தெலுங்கில் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். பணம் போன மறுநாள் காலை ஆறரைக்கு வாசலில் நின்றார்.

அந்த நான்கு நாளில் நான் சும்மா இருக்கவில்லை. புல் வெட்டும் இயந்திரம் வாங்கினேன், கையால் தள்ளுவது, 4,500 ரூபாய். இதைக் கண்டுபிடித்தவர் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், 1830-ல். கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சீவ மில்லில் ஓர் உருளை இயந்திரம் இருந்ததைப் பார்த்து, அதையே புல்லுக்குத் திருப்பினாராம். அவருடைய ஊரில் கேட்காமலே மழை பெய்யும், புல் கேட்காமலே வளரும், வெட்டுவதுதான் பிரச்சினை. எனக்குப் பிரச்சினை அந்த வரிசையில் வரவில்லை. இயந்திரம் இன்னும் அட்டைப்பெட்டியில் இருக்கிறது. அதன் மேல் பழைய பேப்பர் அடுக்குகிறோம்.

மே மூன்றாம் வாரம் புல் விரித்து முடிந்தது. மூன்று நாள், சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. 40 படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். நாலாம் நாள் ஓரம் பழுத்தது.

தண்ணீர்க் கணக்கை முதலிலேயே போட்டிருக்கலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். 600 சதுர அடி என்றால் சுமார் 56 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நிற்க ஒரு லிட்டர். கத்திரி வெயிலில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் 280 லிட்டர். எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடத்தில் 19 குடம். வீட்டில் இரண்டு பேர், எங்கள் இருவரையும்விட அதிகமாக அது குடித்தது. கீழே நான்கு விரல் மண், அதற்குக் கீழே செங்கல் துண்டு. தண்ணீர் நிற்காது, வேர் இறங்காது. ஆழ்துளைக் கிணறு காற்றை இறைக்கத் தொடங்கியதும் டேங்கர் லாரி சொன்னேன். லாரி 900 ரூபாய். ஒன்பது லாரி. தெருவில் பாதிப் பேர் குடத்தோடு நிற்கும்போது ஒருவன் லாரித் தண்ணீரைப் புல்லுக்கு விடுவதை எப்படிச் செய்வது? இருட்டிய பிறகு செய்யவேண்டும். திருடன் மாதிரி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஹோஸ் சத்தம் கேட்காமல் தரையோடு பிடித்தபடி நான் நின்ற இரவுகளை மலை மேல் இருப்பவர் மட்டும் பார்த்தார்.

ஜூன் மாதம் அது கரிக்கட்டி ஆயிற்று. பிடுங்காமல் விட்டுப்போன அருகு மட்டும் மதில் ஓரமாக, யாரும் தண்ணீர் விடாமல், பச்சையாக இருந்தது.

பெரியவர் மேல் பழி போடலாம் என்று கொஞ்ச நாள் முயன்றேன். பெங்களூர் லால்பாக்கைச் செம்மைப்படுத்திய ஜெர்மன்காரர் க்ரும்பீகல் மாதிரி ஒருவர் நாள் கூலிக்குக் கிடைப்பார் என்று எதிர்பார்த்துவிட்டு, கிடைத்தவர் சொன்ன ஒரே ஒரு பேச்சையும் கேட்காதவன் நான். இதை மனைவியிடம் சொன்னேன். "அவர் கிட்ட சொன்னீங்களா?" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

ஆடிக் கிருத்திகை வந்தது. ஊர் முழுக்க மஞ்சள் வேட்டி, புஷ்பக் காவடி, அரோகரா. சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். வெயிலில் வெந்த வைக்கோல் பாய் ஒன்றைச் சுற்றி ஆறு குரோட்டன்ஸ். ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வந்த ஜாதி என்று விலை சொல்லிக் கொடுத்தவை. சம்பந்தியம்மா நல்ல மாதிரி. ஒன்றும் கேட்கவில்லை. காவடிக்கு மட்டும், "உங்க தோட்டத்துல ரெண்டு பூ பறிச்சுக்கலாமா?" என்றார்.

குரோட்டன்ஸ் பூக்கிற மாதிரிப் பூப்பதில்லை. புல்லும் இல்லை. இந்திரன் இந்த மலைச் சுனையில் கருங்குவளை நட்டான், அது காலை, உச்சி, மாலை என்று நாளுக்கு மூன்று பூ கொடுத்தது என்பது தலபுராணம். அவன் யாரிடமும் விலை குறைத்ததாகப் புராணத்தில் இல்லை. நான் பூக்கடைக்கு ஓடச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் பெரியவர். மலைக்குப் போகிற வழியாம். துண்டில் அவர் வீட்டு நந்தியாவட்டையும் செவ்வரளியும். "அம்மாவுக்கு" என்று மனைவியிடம் கொடுத்தார். அவர்கள் இருவரும் தெலுங்கில் வெகுநேரம் பேசினார்கள். இடையில் இரண்டு முறை சிரித்தார்கள். நான் செருப்பைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

காலண்டரின் பின்புறம் மனைவி கூட்டிப் போட்ட கணக்கு இது: கூலி 14,000, புல் 9,000, மண்ணும் எருவும் 5,000, செடிகள் 6,400, டேங்கர் 8,100, காய்ந்த இடத்துக்கு மறுபடி புல் 3,600, ஹோஸும் குழாயும் 2,850, இயந்திரம் 4,500. மொத்தம் 53,450. அதற்குக் கீழே கறிவேப்பிலை, தனிக் கோடு போட்டு.

ஆவணியில் மழை பிடித்தது. சாயங்காலம் இடி இடித்து ஒரு மணி நேரம் கொட்டும் மழை. வைக்கோலில் அங்கங்கே பச்சை எழுந்தது. பெர்முடாதான் பிழைத்துக்கொண்டது என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். புல் அல்ல. சிறுசிறு இணுக்குகளாக, வெட்டிய மரத்தின் வேர் போன இடமெல்லாம், கறிவேப்பிலைக் கன்றுகள். 17 எண்ணினேன். லானின் நட்டநடுவில், நாற்காலி போட நினைத்த இடத்தில்தான் கூட்டமாக.

இந்த முறை மனைவியே பெரியவருக்குப் போன் செய்தாள். கூலி எவ்வளவு என்று பேசிக்கொண்டார்கள், எனக்குச் சொல்லவில்லை. அவர் வந்து, கல்லைப் பொறுக்கி, ஒரு சாண் ஆழம் கொத்தத் தொடங்கினார். நான் திண்ணையில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்றின் பக்கத்தில் குந்தி, களைக்கொத்தை அதன் மேல் லேசாகத் தொட்டு வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"சார், இது செட்டா, மொக்கயா? தீஸேய்யட்டுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை. சமையலறை ஜன்னலைக் கையால் காட்டினேன்.